கிணற்றில் குதிக்குமுன் கொஞ்சம் இயற்பியல்



ஆண்டுத் தேர்வு முடிந்து புத்தகப்பையை ஆணியில் மாட்டியாயிற்று. வெளியே வெயில் கொளுத்துகிறது. சேலத்தைச் சுற்றிச் சேர்வராயன் மலை, கஞ்சமலை, சருகுமலை, நகரமலை என்று மலைகள் வளைத்து நிற்கின்றன. நடுவில் உள்ள சமவெளி பகலெல்லாம் சூடேறி, ஒரு பெரிய வாணலியைப் போலக் காய்கிறது. தெற்கே ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் வரையில் இதே கதைதான். வசதி உள்ளவர்கள் ஏற்காட்டுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே போவதால் அங்கே 8 முதல் 10 டிகிரி வரை வெப்பம் குறைந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு என்ன வழி? நமக்குத்தான் கிணறு இருக்கிறதே!

விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகித் திரும்புவது இந்தப் பகுதியில் பல தலைமுறைகளாக நடந்து வருவது. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் அப்புச்சி என் முதுகில் இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கயிற்றால் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதைச் சுரைப்புருடை என்பார்கள். நான் பயத்தில் இரு கைகளையும் மேலே தூக்கி, "அப்புச்சி, பிடிங்க!" என்று கத்தினேன். அந்தக் கணமே வாயில் தண்ணீர் புகுந்துவிட்டது. அவர் படியில் நின்றபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கையைத் தண்ணிக்குள்ள வை கண்ணு. மேல தூக்குனா முழுகிப் போவே."

அவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் சொன்னது சுத்தமான இயற்பியல். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், வாருங்கள்.

மிதப்பது எப்படி?

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கண்டறிந்த தத்துவம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நீரில் ஒரு பொருள் எவ்வளவு நீரை இடம்பெயரச் செய்கிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். இதுவே மிதப்பு விசை. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே ஒரு லிட்டர் நீரை விலக்கினால் ஒரு கிலோகிராம் தாங்கும். இவ்வளவுதான் நமக்கு வேண்டும்.

உங்கள் எடை 40 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டால் உங்கள் உடலின் சராசரி அடர்த்தி நீரைவிடச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 0.98. அப்படியானால் உடலின் பருமன் 40 ÷ 0.98, அதாவது சுமார் 40.8 லிட்டர். முழுவதும் மூழ்கினால் மேல்நோக்கிய விசை 40.8 கிலோகிராம், கீழ்நோக்கிய எடை 40. மிச்சம் 0.8 கிலோகிராம். ஆகவே நீங்கள் மிதப்பீர்கள். ஆனால் உங்கள் உடலில் 0.8 லிட்டர் பருமன் மட்டுமே நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு சிறிய செம்பு அளவுதான்! மல்லாந்து படுத்தால் மூக்கும் வாயும் வெளியே இருக்க அது போதும். நிமிர்ந்து நின்றால் உச்சந்தலை மட்டுமே வெளியே தெரியும்.

இப்போது மூச்சை வெளியே விடுங்கள். நுரையீரலிலிருந்து 2 லிட்டர் காற்று போய்விட்டது என்றால் உடலின் பருமன் 38.8 லிட்டர். எடையோ அதே 40. நீங்கள் மூழ்கத் தொடங்குவீர்கள். பயந்து அலறும்போது என்ன நடக்கிறது? நெஞ்சில் இருக்கும் காற்றைத்தானே செலவழிக்கிறோம்?

அடுத்து, கை. ஒரு கையின் எடை மொத்த உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் 5 பங்கு. 40 கிலோகிராம் உடையவருக்கு ஒரு கை 2 கிலோகிராம். இரண்டும் சேர்ந்து 4. நீருக்குள் இருக்கும்வரை அவற்றுக்கு ஏறக்குறைய எடையே இல்லை, நீரே தாங்கிவிடுகிறது. வெளியே தூக்கியதும் அந்த 4 கிலோகிராமும் தலைமேல் வைத்த மூட்டைபோல உங்களைக் கீழே அழுத்துகிறது. நம்மிடம் கையிருப்பு 0.8 தான். 4 எங்கே, 0.8 எங்கே! அப்புச்சி சொன்னதன் பொருள் இதுதான்.

தலையின் கதையும் இப்படியே. தலையை முழுதாக வெளியே நீட்ட விரும்பினால் அதன் எடையைக் கால் உதைத்தோ கை வீசியோ நாம்தான் தாங்கவேண்டும். அதனால்தான் நீச்சல் பழகாதவர் சீக்கிரம் களைத்துப்போகிறார். பழகியவர் முகத்தை நீருக்குள் வைத்துக்கொண்டு, மூச்சுக்கு மட்டும் பக்கவாட்டில் திருப்புகிறார்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாளியில் நீர் நிரப்புங்கள். பாட்டிலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மணல் போட்டு மூடி, நீரில் விட்டுப் பாருங்கள். மூடிப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி அது நிமிர்ந்து மிதக்கும்வரை மணலின் அளவைச் சரிசெய்யுங்கள். இப்போது பாட்டில்தான் நீங்கள்.

உருளைக்கிழங்கில் இரண்டு விரல் பருமனுக்கு ஒரு துண்டு வெட்டி, மூடியின்மேல் மெதுவாக வையுங்கள். பாட்டில் மூழ்கிவிடும். அதே துண்டை நூலில் கட்டி, பாட்டிலின் கழுத்திலிருந்து நீருக்குள் தொங்கவிடுங்கள். பாட்டில் மிதக்கும்! உருளைக்கிழங்கின் அடர்த்தி நீரைவிடக் கொஞ்சமே கூடுதல். நம் கையைப் போலத்தான். மேலே வைத்தால் சுமை, உள்ளே வைத்தால் சுமையில்லை. தம்பி தங்கைகளைக் கிணற்றுக்கு அழைத்துப் போகும் முன் இந்தச் சோதனையை அவர்களுக்குக் காட்டுங்கள். நூறு முறை அதட்டுவதைவிட ஒரு உருளைக்கிழங்கு நன்றாக வேலை செய்கிறது.

சுரைக்குடுக்கையும் லாரி டியூபும்

முற்றிக் காய்ந்த சுரைக்காய்க்குள் காற்றும் விதையும்தான். ஒரு குடுக்கையின் பருமனை அளப்பது எளிது. விளிம்புவரை நீர் நிரம்பிய அண்டாவை ஒரு பெரிய தாம்பாளத்தில் வைத்து, குடுக்கையை முழுவதும் அமுக்குங்கள். வழிந்த நீரை லிட்டர் படியால் அளந்துகொள்ளுங்கள். வழிந்தது 6 லிட்டர், குடுக்கையின் எடை அரைக் கிலோகிராம் என்றால், அது தாங்கும் சுமை ஐந்தரைக் கிலோகிராம். இரண்டு கட்டினால் 11. தலையை வெளியே வைத்துக்கொள்ள இது தாராளம். பழகப் பழக ஒரு குடுக்கையைக் குறைத்து, பிறகு சிறியதாக மாற்றி, கடைசியில் கழற்றிவிடுவார்கள். படிப்படியாகத் தாங்கலைக் குறைப்பது நல்ல கற்பித்தல் முறை.

நாமக்கல் லாரிகளுக்குப் பெயர்போன ஊர். அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழைய லாரி டியூபும் நீச்சல் ஆசிரியர் ஆயிற்று. வெளி விட்டம் ஒரு மீட்டரும், குழாயின் தடிமன் 25 சென்டிமீட்டரும் உள்ள டியூபின் பருமன் 100 லிட்டரைத் தாண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வளையத்தை வெட்டி நீட்டி ஓர் உருளையாகக் கற்பனை செய்துகொண்டால் சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டு பெரியவர்கள் தொங்கினாலும் டியூப் மூழ்காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டியூப் மூழ்காது என்பதும் அதில் இருக்கும் குழந்தை மூழ்காது என்பதும் ஒன்றல்ல. நனைந்த ரப்பர் வழுக்கும். நடு ஓட்டை வழியாகச் சிறு குழந்தை நழுவிக் கீழே போய்விடும். குழந்தை போனபின்னும் டியூப் மிதந்துகொண்டுதான் இருக்கும்.

சுரைக்குடுக்கையிலும் ஒரு சங்கதி உண்டு. அதை முதுகில் கட்டுகிறோம். மிதக்கும் பொருள் எப்போதும் மேற்பக்கம் வர முயலும். ஆகவே முதுகு மேலே, முகம் கீழே என்ற நிலையில்தான் உடல் நிற்கும். நீந்தப் பழக இது தோதான நிலை. களைத்தோ மயங்கியோ போனவருக்கு இது ஆபத்தான நிலை. படகுகளில் தரும் உயிர்காப்பு உடுப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் மிதவைப் பகுதி மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் அதிகமாக இருக்கும். மயங்கினாலும் முகம் வானைப் பார்த்துத் திரும்பவேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. சுரைக்குடுக்கை நீந்தக் கற்றுக்கொள்வதற்கான கருவி. அதைக் கட்டியிருக்கிறது என்று நம்பிக் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு மாங்காய் பறிக்கப் போய்விடக் கூடாது.

கிணற்றை முதலில் படியுங்கள்

இந்தச் சமவெளிக்கு அடியில் இருப்பது மிகப் பழமையான கடும்பாறை. அதனால் நம் பாசனக் கிணறுகள் அகலமாக, பெரும்பாலும் சதுரமாக, மேலே சில மீட்டர் மண்ணும் கீழே வெடி வைத்துத் தகர்த்த பாறையுமாக இருக்கின்றன. முன்பு கவலை ஓட்டி நீர் இறைத்தார்கள். பிறகு மின்சார மோட்டார் வந்தது. அதற்கும் பிறகு ஆழ்துளைக் கிணறு. இந்தியா முழுவதும் போய்த் துளையிடும் ரிக் வண்டிகளின் ஊரான திருச்செங்கோடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கிணறுகளில் பல இன்று வறண்டு கிடக்கின்றன. நீச்சல் பழகக் கிணறு கிடைக்காத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கும் தண்ணீர் ஆசை மட்டும் குறையவில்லை. அதனால் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளைத் தேடிப் போகிறார்கள். இவ்வகைக் குட்டையில் படி இல்லை, கரை சரிவில்லை, ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடியில் ஆழம் தெரியாத பள்ளம். என்னைக் கேட்டால் குவாரிக் குட்டைக்குப் பாதுகாப்பான முறை ஒன்றுதான்: போகாமலிருப்பது.

கிணற்றுக்கு வருவோம். இறங்கும் முன் ஏறும் வழியைப் பாருங்கள். சுவரில் பதித்த கல்படிகள் நீர்மட்டத்துக்குக் கீழும் தொடர்கின்றனவா? பாசி பிடித்திருக்கிறதா? மோட்டாரின் மின்கம்பி நீரைத் தொடுகிறதா? மோட்டார் ஓடும்போதும், கம்பியின் உறை கிழிந்திருந்தால் எப்போதும், இறங்கவே வேண்டாம். பயன்படாத பாழுங்கிணற்றின் அடியில் காற்றைவிடக் கனமான கரியமில வாயு தேங்கிப் பிராணவாயு குறைந்திருக்கலாம். உள்ளே இறங்கியவர் சத்தமின்றிச் சாய்வதும், அவரைத் தூக்க இறங்கியவரும் சாய்வதும் இதனால்தான்.

பிறகு ஆழம். மேலிருந்து நேராகப் பார்த்தால் நீரின் ஆழம் உண்மையில் இருப்பதில் முக்கால் பங்காகத்தான் தெரியும். ஒளிவிலகல் பாடத்தில் பாத்திரத்துக்குள் நாணயம் மேலெழும்பித் தெரிந்ததே, அதேதான். மூன்று மீட்டர் என்று நீங்கள் நினைப்பது நான்கு மீட்டர். இடுப்பளவு என்று நினைத்து இறங்கும் சின்னப் பிள்ளைக்கு அது கழுத்தளவாகிவிடும். கண்ணை நம்பாமல் கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்துவிடுங்கள். ஓரிடத்தில் அளந்தால் போதாது. வெடி வைத்துத் தோண்டிய கிணற்றின் அடி சமமாக இருக்காது; ஓர் ஓரம் ஆழமாகவும் மறு ஓரத்தில் பாறை மேடாகவும் இருக்கும். கோடையில் நீர்மட்டம் வாரத்துக்கு வாரம் இறங்குவதால், சென்ற வாரம் குதித்த இடம் இந்த வாரம் அதே இடமல்ல.

மேலிருந்து குதிப்பதில் உள்ள கணக்கையும் பார்ப்போம். 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் நீரைத் தொடும்போது அவரது வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். 10 மீட்டரிலிருந்து விழுந்தால் மணிக்கு 50 கிலோமீட்டர். மொபெட்டில் அந்த வேகத்தில் போய்த் தலையால் பாறையில் மோதச் சம்மதிப்பீர்களா? தலைகீழாகப் பாய்ந்து அடிபட்டால் முறிவது பெரும்பாலும் கழுத்தெலும்பு. அதனுள்ளே போகும் தண்டுவடம் அறுந்தால் கை கால்கள் வாழ்நாள் முழுவதும் செயலிழந்துவிடும். தெரியாத நீரில் முதல் முறை இறங்குவது எப்போதும் படி வழியாக, கால் முதலாக.

மூச்சுப் பிடிக்கும் போட்டி

கிணற்று விளையாட்டுகளில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, அடிவரை போய்ப் பிடி மண் எடுத்து வருவது. அடுத்தது, நீருக்குள் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையே ஏமாற்றும் ஆபத்து இதில் ஒளிந்திருப்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் "மூச்சு விடு, விடு" என்று உடல் தவிக்கிறது. ஏன்? பிராணவாயு குறைந்ததால் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அதுவல்ல முக்கியக் காரணம். இரத்தத்தில் கரியமில வாயு சேர்வதை மூளை உணர்ந்து அடிக்கும் மணிதான் அந்தத் தவிப்பு. பிராணவாயு குறைவதற்கு மூளையில் அவ்வளவு உரத்த மணி கிடையாது.

போட்டியில் ஜெயிக்க விரும்பும் பையன் என்ன செய்கிறான்? மூழ்குவதற்கு முன் பத்து இருபது முறை வேகவேகமாக மூச்சு வாங்கி விடுகிறான். இதனால் உடலில் பிராணவாயு கூடிவிடும் என்று அவன் நினைக்கிறான். இரத்தம் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பத்தான் பிராணவாயுவைச் சுமந்துகொண்டிருக்கிறது. அது அதிகம் கூடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியேறிவிடுகிறது. அதாவது மணியின் நாக்கைக் கழற்றிவைத்துவிட்டு அவன் மூழ்குகிறான். தவிப்பு வருவதற்குள் பிராணவாயு தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு போய்விடுகிறது. மேலே நிற்கும் நண்பர்கள், "அடேயப்பா, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறான்!" என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மூச்சுப் பிடிக்கும் போட்டி வேண்டாம். மண் எடுக்கும் விளையாட்டு விளையாடினால் ஆழமில்லாத பக்கத்தில், ஒருவர் பின் ஒருவராக, மேலே ஒரு பெரியவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க விளையாடுங்கள். முன்னதாக வேகமூச்சு வாங்கக் கூடாது. இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலேயே காது வலிக்கத் தொடங்கினால் வியப்படையாதீர்கள். 10 மீட்டர் நீர், ஒரு முழு வளிமண்டலத்தின் அளவுக்குக் கூடுதல் அழுத்தம் தரும். வலித்தால் திரும்பிவிடுங்கள்.

ஆறு வேறு, கிணறு வேறு

கிணற்றில் நன்றாக நீந்துபவர் ஆற்றிலும் நீந்திவிடலாம் என்று எண்ணுவார். கிணற்று நீர் நிற்கிறது. ஆற்று நீர் தள்ளுகிறது. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் ஆழத்தில் நிற்க முடிந்த இடத்தில் வேகம் கொஞ்சம் கூடினால் கால் நிலைகொள்ளாது.

நம் காவிரிக்கு இன்னொரு குணமும் உண்டு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணைக்குக் கீழே குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாக ஓடும் ஆற்றில் நீர் வருவது நம் ஊர் மழையைப் பொறுத்ததல்ல. கர்நாடகத்தில் பெய்த மழைக்கு அணை நிரம்பி மதகு திறந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வரும். ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பம் குடும்பமாக ஆற்றுக்குப் போகும் நாளும் அநேகமாக இந்தக் காலத்தில்தான் வருகிறது. அணை திறப்பு பற்றிய வானொலி, தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். படித்துறையில் கட்டிய சங்கிலியைத் தாண்டாதீர்கள். மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் தெரியாது. ஜேடர்பாளையம் படுகை அணை போன்ற தடுப்பணைகளின் கீழ்ப்புறத்தில் நீர் விழுந்து சுழலும் இடத்துக்கு எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் போகக் கூடாது. அங்கே நீரில் காற்றுக்குமிழ்கள் நிறைந்திருப்பதால் அதன் அடர்த்தியே குறைந்துவிடுகிறது. மேலே போட்ட 0.8 கணக்கு நினைவிருக்கிறதா? அந்தக் கையிருப்பும் அங்கே இல்லை.

யாராவது மூழ்கினால்

மூழ்குகிறவர் "காப்பாற்றுங்கள்!" என்று கத்துவார், கையை வீசுவார் என்று சினிமாவில் பார்த்திருப்பீர்கள். நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணிபுரிந்த பிராங்க் பியா என்பவர் 1970ஐ ஒட்டி, மூழ்குகிறவர்களை உண்மையாகவே படம்பிடித்து ஆராய்ந்தார். கத்திக் கையசைப்பவரிடம் இன்னும் தெம்பு இருக்கிறது. உண்மையில் மூழ்கத் தொடங்கியவரோ சத்தமே போடுவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் அரை நொடியில் மூச்சிழுக்கத்தான் நேரம் இருக்கிறது, பேச நேரமில்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்தும். தலை பின்னால் சாய்ந்திருக்கும். இப்படி 20 முதல் 60 விநாடிகள். பிறகு உள்ளே போய்விடுவார். கூட்டத்தில் சும்மா விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால் உடனே திரும்பிப் பாருங்கள்.

அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? குதிக்கக் கூடாது. மூழ்குபவர் கையில் கிடைத்ததை ஏணியாக்கி மேலே ஏறப் பார்ப்பார். அவர் கையில் கிடைப்பது உங்கள் கழுத்து. ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் மூவராக இறந்த செய்திகளை ஒவ்வொரு கோடையிலும் நாளிதழில் படிக்கிறோம். உரக்கக் கூவி ஆளைக் கூப்பிடுங்கள். கரையில் படுத்துக்கொண்டு மூங்கில் கழியோ தொரட்டியோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு, டியூப், மூடிய காலிக் குடம் என்று மிதக்கும் எதையாவது எறியுங்கள்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த கிராமத்துப் பெண்கள் மூவர் தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளைக் களைந்து நீரில் வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூவருக்கும் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது அளித்தது. ஒரு சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். அதைக் கயிறாக நினைத்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் வியக்கிறேன். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. நம் ஊர்களில் பையன்களைக் கிணற்றுக்கு அனுப்பும் வீடுகள் பெண் பிள்ளைகளை அனுப்புவதில்லை. தண்ணீர் ஆண் பெண் பார்த்தா மூழ்கடிக்கிறது?

கரையேற்றியவருக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தூக்குவது, தலைமேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் கூடாது. அவை நேரத்தை வீணாக்கும். வயிற்று நீர் மேலே வந்து நுரையீரலுக்குள் புகவும் கூடும். அவருக்கு வேண்டியது பிராணவாயு. மல்லாந்து படுக்கவைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு ஊதவேண்டும். பிறகு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, மீண்டும் 2 முறை ஊதவேண்டும். 108 வண்டி வரும்வரை இதை நிறுத்தாமல் செய்யவேண்டும். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. பள்ளியில் சாரணர் படையோ செஞ்சிலுவைச் சங்கமோ முதலுதவி வகுப்பு நடத்தினால் பெயர் கொடுத்துவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சம் பேர். அவர்களில் நாலில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. நம்மைப் போலவே வீட்டைச் சுற்றி நீர்நிலைகள் உள்ள நாடு வங்கதேசம். அங்கே குளத்தை மூடவில்லை. குளத்திலேயே ஆழம் குறைந்த ஓரத்தில் மூங்கிலால் மேடையும் வேலியும் கட்டி, ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித்தருகிறார்கள். கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்தது. நம் ஊர்க் கிணறு ஒன்றில் இப்படி ஒரு மூங்கில் மேடை கட்ட எவ்வளவு செலவாகும்? உங்கள் அறிவியல் மன்றத்தில் கணக்குப் போட்டுப் பாருங்களேன்.

கிணற்றுக்குள் சூரியன்

எந்த நேரத்தில் போவது? காலை பத்து மணிக்குள், அல்லது நான்கு மணிக்குமேல். நடுப்பகலில் நீருக்குள் இருந்தாலும் வெயில் முதுகைச் சுடத்தான் செய்யும். நீரின் குளிர்ச்சியால் அது தெரியாது, அவ்வளவுதான். மாறாக, நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், நெடுநேரம் ஊறினால் சித்திரை வெயிலிலும் பல் கிட்டித்து நடுங்கும். உதடு நீலம் பூத்தால் கரையேறிவிடுங்கள். ஏறியதும் உப்புப் போட்ட மோரோ கம்மங்கூழோ குடியுங்கள். நீருக்குள் இருந்தபோதும் வியர்வையில் உடல் நீரை இழந்திருக்கும்.

நடுப்பகலுக்கு வேறொரு வேலை தருகிறேன். எகிப்தின் தென்கோடியில் சயீன் என்ற ஊரில், ஆண்டில் ஒரு நாள் மட்டும் நண்பகல் சூரியன் ஆழ்கிணற்றின் அடிவரை ஒளி வீசும் என்ற செய்தியைக் கொண்டுதான், ஆர்க்கிமிடீசின் நண்பரான எரட்டோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அந்த ஊர் கடகரேகையை ஒட்டி இருப்பதால் அங்கே ஒரே ஒரு நாள். நாம் அதற்குத் தெற்கே இருப்பதால் நமக்கு ஆண்டில் இரண்டு நாள்! சேலத்தில் ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும், நாமக்கல்லில் ஏப்ரலில் ஓரிரு நாள் முன்னதாகவும் ஆகஸ்டில் ஓரிரு நாள் பின்னதாகவும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்.

நண்பகல் என்றால் சரியாகப் பன்னிரண்டு மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் 78 பாகையை ஒட்டி மேற்கே இருக்கிறோம். அதனால் ஏப்ரலில் சுமார் 12 மணி 16 நிமிடத்துக்கும், ஆகஸ்டில் 12 மணி 20 நிமிடத்துக்கும்தான் நமக்கு நண்பகல். சூரியனையோ கிணற்று நீரில் தெரியும் அதன் பிம்பத்தையோ பார்க்கவேண்டாம், கண் கெட்டுவிடும். வாசலில் சமதளமான இடத்தில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும். நிழல் எந்தப் பக்கமும் நீளாமல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில், அதாவது மே, ஜூன், ஜூலையில், நண்பகல் நிழல் வடக்கே விழாமல் தெற்கே விழும். நம்பமுடியவில்லையா? நாளை மதியம் வாசலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள்.